6.8 இன்ச் போன்: கைக்கா, கண்ணுக்கா?

ஜூன் 9, 2024, காலை (ஒரு வாசகர் கேட்டது)

அண்ணே, என்னிடம் இருப்பது 6.1 இன்ச் போன். கண் வலிக்கிறது. 6.8 இன்ச் போன் ஒன்று வாங்கினால் பிடிஎஃப் புத்தகமெல்லாம் முழுப் பக்கமாகப் படித்துவிடலாம், டேப்லெட் தனியாக வேண்டாம் என்று நினைக்கிறேன். நீங்கள் ஏப்ரலில்தான் ஒன்று வாங்கியதாக எழுதியிருந்தீர்கள். வாங்கலாமா?

ஜூன் 9, இரவு

வாங்கு. இரண்டு மாதமாக வைத்திருக்கிறேன், திரும்பிப் போக மனசில்லை. எந்தக் கம்பெனி என்று மட்டும் கேட்காதே, சொல்ல மாட்டேன். சொன்னால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும், ஆளுக்கு ஒரு கட்சி ஆகிவிடும்.

நான் வாங்கின காரணம் வேறு. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை. தினமும் விருதுநகரிலிருந்து பஸ். முக்கால் மணி நேரம் போக, முக்கால் மணி நேரம் வர. அந்த ஒன்றரை மணி நேரத்தில் கல்யாணப் பத்திரிகை, காலண்டர் தாள், நோட்டீஸ் எல்லாம் வாட்ஸப்பில் வந்து விழும், பார்த்து ஓகே போட வேண்டும். போன வருஷம் பழைய சின்ன போனில் பார்த்து ஓகே போட்ட ஒரு பத்திரிகையில் "மணமக்கள" என்று அச்சாகிவிட்டது. கடைசி ள்-க்குப் புள்ளி இல்லை. 46 வயதாகிறது, வெள்ளெழுத்து. கண்ணாடி போட்டாலும் பஸ் குலுக்கலில் அந்தப் புள்ளி தெரியவில்லை. அன்றைக்கு முடிவு செய்ததுதான் பெரிய திரை.

ஜூன் 11

வாங்கு என்று சொன்னது கொஞ்சம் அவசரம். நீ கேட்டதை இன்னொரு தடவை படித்தேன். முழுப் பக்கம் படிப்பது என்றால் ஆகாது. கதை, கட்டுரை, செய்தி, இதெல்லாம் எழுத்து தானாக மடிந்து வரும், அதற்கு ஜோர். பிடிஎஃப் வேறு சாதி, அதில் எழுத்து மடியாது. ஞாயிற்றுக்கிழமை ஸ்கேலை எடுத்து அளந்துவிட்டுச் சொல்கிறேன்.

ஜூன் 16

அளந்தேன். என் போனின் திரை 20க்கு 9 விகிதம். அகலம் 7.1 செ.மீ., உயரம் 15.7 செ.மீ. உன் 6.1 இன்ச் போன் 19.5க்கு 9 என்றால் அதன் அகலம் 6.5, உயரம் 14. ஆக நீ பணம் கொடுத்து வாங்கப் போவது அகலத்தில் 6 மில்லிமீட்டர், உயரத்தில் 1.7 சென்டிமீட்டர். 6 மில்லிமீட்டர் என்பது என் சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட இல்லை.

கடைக்காரர் சொல்கிற இன்ச் எல்லாம் மூலைக்கு மூலை அளவு. ஒல்லியாக உயர்த்திக்கொண்டே போனால் இந்த அளவு ஏறிக்கொண்டே போகும், பரப்பு அவ்வளவு ஏறாது. அதிலும் மூலைகள் வளைவாக இருக்கின்றன அல்லவா, அளவு சொல்வது வளைவு இல்லாத முழுச் செவ்வகமாக நினைத்துக்கொண்டு. கம்பெனிகளே இதைப் பொடி எழுத்தில் அடியில் போட்டிருப்பார்கள்.

இதைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது பழைய சமாச்சாரம் ஒன்று ஞாபகம் வந்தது. 2011-இல் சாம்சங் கேலக்ஸி நோட் வந்தது. 5.3 இன்ச். அப்போது அதைப் பார்த்துச் சிரிக்காத ஆள் இல்லை. எங்கள் அச்சகத்துக்கு ஒரு ஏஜெண்ட் அதைக் கொண்டு வந்தார், காதில் வைத்துப் பேசினால் சிலேட்டை வைத்துப் பேசுகிற மாதிரி இருக்கும். அந்தத் திரை 1280க்கு 800, அதாவது 16க்கு 10. கணக்குப் போட்டால் அதன் அகலம் 7.1 செ.மீ.! இன்றைக்கு என் கையில் இருக்கிற 6.8 இன்ச் போனின் அதே அகலம். நம்பாமல் மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். பதின்மூன்று வருஷத்தில் 5.3 போய் 6.8 வந்துவிட்டது, அகலம் ஒரு மில்லிமீட்டர் ஏறவில்லை. உயரம் மட்டும் 11.4-இலிருந்து 15.7-க்குப் போயிருக்கிறது.

காரணம் நம் கைதான். உள்ளங்கைக்குள் பிடிபடுவது அகலம். அதில் கைவைத்தால் ஜனம் வாங்காது, உயரத்தில் எவ்வளவு இழுத்தாலும் பாதி பேர் கவனிக்க மாட்டார்கள். 2017 வாக்கில் 18க்கு 9 திரை வந்ததிலிருந்து இழு இழு என்று இழுத்துக்கொண்டே போகிறார்கள். ஓரத்துக் கறுப்புச் சட்டத்தைச் சுரண்டி எடுத்துவிட்டது உண்மை, அந்த நோட்டின் உடம்பு 83 மி.மீ. அகலம், இப்போது அவ்வளவு இல்லை. அந்த லாபம் கைக்குத்தான் போனது, கண்ணுக்கு வரவில்லை.

இப்போது உன் பிடிஎஃப். நம் ஊர் டெமி 1/8 புத்தகம் சுமார் 14 செ.மீ. அகலம், 21.5 உயரம். 14-ஐ 7.1-க்குள் அடைத்தால் பாதி. 11 பாயிண்ட் எழுத்து ஐந்தரை பாயிண்டாகிவிடும். அது மருந்துச் சீட்டு எழுத்து. போனைப் படுக்கவைத்தால் 15.7 கிடைக்கும், எழுத்து அச்சில் இருப்பதைவிடச் சற்றுப் பெரிதாகவே தெரியும், ஆனால் ஒரு நேரத்தில் பக்கத்தில் மூன்றில் ஒரு பங்குகூடத் தெரியாது. தள்ளித் தள்ளித்தான் படிக்க வேண்டும்.

ஜூன் 17

"அப்படியென்றால் வீடியோவுக்கு?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சாதாரண வீடியோ 16க்கு 9. என் 6.8 இன்ச் திரையில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்தது போக மிஞ்சுகிற படம் மூலைக்கு மூலை 5.7 இன்ச். 2014-இல் வந்த ஐபோன் 6 பிளஸ் 5.5 இன்ச், அதில் அதே வீடியோ திரை முழுக்க வரும். பத்து வருஷ முன்னேற்றம் 0.2 இன்ச். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. சினிமாவை அகலமாக எடுத்திருந்தால் பட்டை குறையும், அது வேறு.

ஜூன் 23

கை விஷயம். திருத்தங்கல் தாண்டி உட்கார இடம் கிடைத்தால் உண்டு, அதுவரை நின்றுகொண்டுதான். ஒரு கை கம்பியில், இன்னொரு கையில் போன், தோளில் பை. பழைய போனில் என் கட்டைவிரல் மேல் மூலையைத் தொட்டுவிடும். இதில் முக்கால்வாசியோடு நின்றுவிடுகிறது. மேலே இடது மூலையில் இருக்கிற அம்புக்குறியைத் தொட வேண்டுமென்றால் போனை உள்ளங்கையிலேயே தவளை மாதிரி எம்ப வைத்துப் பிடிக்க வேண்டும். எடை 230 கிராம் பக்கம், பின்பக்கக் கவரும் டெம்பர்டு கிளாஸும் சேர்த்தால் கால் கிலோவைத் தாண்டிவிடுகிறது. கால் கிலோ தக்காளியை நான்கு விரலில் தூக்கிப் போட்டுப் பிடித்துப் பார்த்தால் தெரியும், அதுவும் பஸ் பிரேக் அடிக்கும்போது.

இது ஒரு கம்பெனியின் குறை இல்லை. இந்த வருஷம் ஜனவரியில் வந்த கேலக்ஸி எஸ்24 அல்ட்ரா 232 கிராம், ஐபோன் 15 புரோ மேக்ஸ் 221. எல்லாம் ஒரே தராசு. திரை பெரிதானால் கண்ணாடி பெரிது, பேட்டரி பெரிது, எடை எங்கே போகும்?

சுண்டுவிரலை அடியில் முட்டுக் கொடுத்துப் பிடிக்கிற பழக்கம் வந்துவிட்டது. அந்த விரலில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்திருக்கிறது. படுத்துக்கொண்டு படிக்கும்போது மூக்கில் விழுந்ததை எழுத வேண்டாம் என்று இருந்தேன், வீட்டுக்காரி எழுதச் சொல்கிறாள்.

ஜூன் 24

மூலையைத் தொடவே வேண்டாம், ஓரத்திலிருந்து விரலை இழுத்தால் பின்னால் போய்விடும், ஜெஸ்சர் போட்டுக்கொள்ளுங்கள் என்று இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள். போட்டுப் பார்த்தேன். மற்ற வேலைக்கெல்லாம் அருமை. பிடிஎஃப்பைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு ஓரத்தைப் பார்க்கப் பக்கத்தை இழுத்தால் கோப்பே மூடிக்கொள்கிறது. மறுபடி வாட்ஸப், மறுபடி கோப்பு, மறுபடி பதினேழாம் பக்கம். ஒரே நாளில் பழைய மூன்று பட்டனுக்கே திரும்பிவிட்டேன்.

திரையைப் பாதிக்குக் கீழே இறக்குகிற வசதியும் இருக்கிறது. ஐபோனில் 6 வந்தபோதே கொடுத்தார்கள், ஆண்ட்ராய்டிலும் 2021-இலிருந்து கூடவே வருகிறது. பெரிய திரை வாங்கி அதைப் பாதியாக்கிப் பார்ப்பது, பெரிய வீடு கட்டிவிட்டுத் திண்ணையில் படுக்கிற கதை. ஆனாலும் வைத்திருக்கிறேன். கடையில் பை ஒரு கையில் இருக்கும்போது ஜிபே திறக்க உதவுகிறது. ரகசிய எண் அடிக்கிற கட்டங்கள் நல்லவேளையாக அடியில்தான் வருகின்றன.

ஜூன் 30

நல்லதையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் புலம்புகிற மாதிரி ஆகிவிடும்.

2025 தினசரி காலண்டர் வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. கிழிக்கிற தாள் என்பது அகலம் குறைந்து உயரம் கூடின வடிவம், இந்தத் திரைக்குள் அச்சில் வார்த்த மாதிரி உட்காருகிறது. தேதி, திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு, எமகண்டம், அடியில் பொன்மொழி, எல்லாம் ஒரே பார்வையில். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஒரு தாள். செவ்வாய்க்கிழமை, ராகு காலம் 12 முதல் 1.30. பார்த்தவுடன் உறைத்தது. செவ்வாய்க்கு 3 முதல் 4.30, பன்னிரண்டு மணி என்பது புதன். முந்தின தாளும் அடுத்த தாளும் எடுத்துப் பார்த்தால் ஒரு வாரம் முழுக்க ராகு காலம் ஒரு நாள் முன்னால் நகர்ந்திருந்தது. சின்ன போனில் இதைப் பிடித்திருப்பேனா? எண் தெரிந்திருக்கும், மேலே இருக்கிற கிழமையும் கீழே இருக்கிற நேரமும் ஒன்றாகத் தெரிந்திருக்காது. அந்த வகையில் போன் அன்றைக்குத் தன் விலையில் பாதியைச் சம்பாதித்துவிட்டது.

ஜூலை 2

பேட்டரி. 5000 எம்ஏஹெச். பழைய போன் சாயங்காலம் ஐந்து மணிக்குச் செத்துவிடும், இது இரவு பத்துக்கும் 35 சதவீதம் காட்டுகிறது. பெரிய போன் வாங்க இது ஒன்றே போதும்.

ஜூலை 3

நேற்று எழுதினது நியாயமில்லை. பழைய போனுக்கு மூன்று வயது. பேட்டரி தேய்ந்துபோயிருந்தது. கிழட்டு மாட்டோடு காளையை ஓடவிட்டு ஜெயித்ததாகச் சொல்ல முடியாது. பெரிய உடம்பில் பெரிய பேட்டரிக்கு இடம் இருக்கிறது என்பது சரி. பெரிய திரை அதிகமாகத் தின்னும் என்பதும் சரி. ஓஎல்இடி திரையில் கறுப்பு இடம் எரியாது, அதனால் கறுப்புப் பின்னணி போட்டால் கொஞ்சம் மிச்சம். ஆனால் எனக்கு வருவதெல்லாம் வெள்ளைத் தாள், எனக்கு அந்த மிச்சம் கிடையாது.

வெயிலும் ஒன்று. எங்கள் ஊர் வெயிலில் மத்தியானம் பஸ் ஜன்னலோரம் வெளிச்சத்தை முழுக்க ஏற்றி வைத்துப் பார்த்தால் போன் சூடாகித் தானே மங்கிவிடுகிறது. விளம்பரத்தில் போடுகிற வெளிச்சக் கணக்கு சிவகாசி சித்திரைக்குப் போட்டதல்ல.

ஜூலை 14

எழுத்து அளவு பற்றி யாரும் பேசவில்லை. தமிழுக்கு இதுதான் பெரிய விஷயம் என்று நினைக்கிறேன். வெள்ளெழுத்துக்காரன் பெரிய போன் வாங்கியதும் செய்கிற முதல் வேலை எழுத்தைப் பெரிதாக்குவது. இங்கிலீஷ் வார்த்தை குட்டி, எப்படியோ வரிக்கு நாலைந்து நிற்கும். நம்மிடம் "கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்று ஒரு சொல் வந்தால் பதினைந்து எழுத்து, முழு வரியையும் அதுவே பிடித்துக்கொள்ளும். சிலசமயம் நடுவில் உடைந்து "கேட்டுக்கொள்ளப்படுகிறார்" ஒரு வரி, "கள்" மட்டும் அடுத்த வரி. மின்வாரியத்திலிருந்து வருகிற எஸ்எம்எஸ் எல்லாம் கவிதை மாதிரி ஒவ்வொரு சொல்லாக இறங்குகிறது.

ஆக எழுத்தைப் பெரிதாக்கினால் கூடுதலாக வாங்கின 6 மில்லிமீட்டர் அங்கேயே கரைந்துவிடும். திரும்பவும் அகலம்! நான் இரண்டு படி ஏற்றி வைத்திருந்ததை ஒரு படி இறக்கிவிட்டு, புதுக் கண்ணாடி மாற்றிக்கொண்டேன். கண்ணாடிக்கு ஆன செலவு போன் விலையில் இருபதில் ஒரு பங்கு. இதை ஏப்ரலிலேயே செய்திருக்கலாம் என்று தோன்றாமல் இல்லை.

தட்டச்சுக்கு மட்டும் சந்தேகமே இல்லாமல் நல்லது. தமிழ்99 விசைப்பலகையில் எழுத்துக் கட்டங்கள் நெருக்கி இருக்கும், சின்ன போனில் ண அடிக்கப் போய் ட விழும். இப்போது குறைந்திருக்கிறது.

ஜூலை 20

விழுந்துவிட்டது.

ஜூலை 21

நேற்று எழுதுகிற மனநிலை இல்லை. பெட்ரோல் பங்க்கில், வண்டிச் சாவி கீழே விழுந்தது, எடுக்கக் குனிந்தேன், சட்டைப் பையிலிருந்து போன் எட்டிக் குதித்தது. இந்தப் போனுக்கு என் சட்டைப் பை பத்தாது, மூன்றில் ஒரு பங்கு எப்போதும் வெளியே தலை நீட்டிக்கொண்டிருக்கும், மேல்பாரம் வேறு. பேண்ட் பையில் வைத்தால் வண்டியில் உட்காரும்போது தொடையில் குத்துகிறது. விழுந்தது கீழ் மூலை அடியாக. டெம்பர்டு கிளாஸ் தூளாகியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன், அதற்கு ஒன்றும் ஆகவில்லை, உள்ளே இருக்கிற திரையில் மூலையிலிருந்து நூல் மாதிரி ஒரு கோடு. 34 ஆயிரம் கொடுத்து வாங்கின போனுக்கு திரை மாற்ற 12 ஆயிரம் என்றார்கள். மாற்றவில்லை. கோடு பக்க எண் வருகிற இடத்தில்தான் இருக்கிறது.

வண்டி ஹேண்டிலில் ஸ்டாண்டு போட்டு மாட்டிக்கொள்ளுங்கள் என்று யோசனை சொன்னவருக்கு: மோட்டார் சைக்கிள் அதிர்வு கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் கம்பெனியே 2021-இல் எச்சரிக்கை போட்டது. படம் ஆடாமல் இருக்க உள்ளே லென்ஸைத் தாங்குகிற நுட்பமான பாகத்துக்கு அது ஆகாதாம். என் வண்டி அதிர்வுக்குப் போன் என்ன, என் முதுகே தாங்கவில்லை. ஹெல்மெட்டுக்குள் சொருகிப் பேசுகிறவர்களுக்கு ஒரு செய்தி, இந்த அளவு போன் ஹெல்மெட்டுக்குள் போகாது. பெரிய திரையால் நாட்டுக்கு விளைந்த நன்மை.

ஆகஸ்ட் 4

நேற்று ஆடிப்பெருக்கு, இங்கே அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியிடுகிற நாள், அதனால் பதினைந்து நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. இடையில் ஒரு தப்பு செய்துவிட்டேன்.

கல்யாணப் பத்திரிகை. பெண் பெயருக்கு முன்னால் "திருவளர்செல்வி" சரி, மாப்பிள்ளை பெயருக்கு முன்னாலும் "திருவளர்செல்வி". 600 கார்டு அடித்துக் கட்டுப் போட்டாகிவிட்டது. நான்தான் ஓகே போட்டேன், இந்தப் போனில், நல்ல வெளிச்சத்தில், உட்கார்ந்துகொண்டு, புதுக் கண்ணாடியோடு. எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிந்தது, புள்ளி ஒன்றுகூட விடவில்லை. பிறகு எப்படி?

யோசித்துப் பார்த்தேன். பத்திரிகை அகலமானது. நிமிர்த்தி வைத்தால் எழுத்துப் பொடி, அதனால் படுக்கவைத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். அப்போது ஒரு நேரத்தில் மூன்று நான்கு வரிதான். பெண் பெயர் போன பிறகு மாப்பிள்ளை பெயர் வந்தது. இரண்டும் ஒரே பார்வையில் விழவே இல்லை. "செல்வி" என்பது தனியாகப் பார்த்தால் பிழையே இல்லாத சொல். ராகு காலத்தைப் பிடித்ததும், செல்வியை விட்டதும் ஒரே போன்தான், ஒரே கண்தான். அது ஒல்லித் தாள், இது அகலத் தாள், அவ்வளவே.

ஜூன் 9-இல் புள்ளி தெரியாததுதான் என் பிரச்சினை என்று எழுதியிருந்தேன். பாதிதான் சரி. எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கம் போய்விடுகிறது. கார்டு செலவில் பாதியை நான் ஏற்றுக்கொண்டேன். இனிமேல் பத்திரிகை என்றால் காகிதத்தில் படி எடுத்துத்தான்.

ஆகஸ்ட் 6

மடிப்பு போன் வாங்குங்கள், அதில் அகலம் உண்டு என்கிறார் ஒருவர். உண்டுதான். 2019-இலிருந்து வருகிறது, விரித்தால் நோட்டுப் புத்தகம். அந்த விலைக்கு எனக்கு இன்னும் முப்பது பத்திரிகை தப்பாக அடித்து ஈடுகட்டலாம். ஒரு வேடிக்கை, அந்தச் சதுரத் திரையில் வீடியோ போட்டால் மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை.

ஆகஸ்ட் 11

கேட்ட தம்பி திரும்ப வந்து "கடைசியில் வாங்கவா வேண்டாமா, ஒரு வார்த்தையில் சொல்லுங்கள்" என்கிறார். தம்பி, நீ புத்தகம் படிக்கத்தானே கேட்டாய்? அப்படியானால் வேண்டாம். 6.1-ஐயே வைத்துக்கொள், மிச்சப் பணத்துக்கு ஒரு சாதாரண டேப்லெட் வாங்கு. கண் வலிக்கு முதலில் கண் டாக்டர். நாள் முழுக்க தட்டச்சு, சார்ஜ் போட முடியாத வேலை, இரண்டு கையும் சும்மா இருக்கிறது என்றால் வாங்கு. சின்னது வேண்டும் என்றால் சீக்கிரம் முடிவு செய், 6.1-க்குக் கீழே கடைகளில் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆப்பிள் 5.4 இன்ச்சில் மினி என்று 2020-இலும் 2021-இலும் போட்டுப் பார்த்தார்கள், 2022-இல் அந்த இடத்தில் 6.7 இன்ச் பிளஸ் வந்து உட்கார்ந்துவிட்டது. கைக்குள் அடங்காத போனை யாரும் வாங்க மாட்டார்கள் என்று 2010-இல் சொன்னவர் ஸ்டீவ் ஜாப்ஸ்.

நான் இதை விற்கப் போவதில்லை. கோடு விழுந்த போனை யார் வாங்குவார்கள் என்பது ஒரு பக்கம், காலண்டர் வேலை டிசம்பர் வரை இருக்கிறது என்பது இன்னொரு பக்கம்.

ஆகஸ்ட் 25

தையல்காரரிடம் நான்கு சட்டையைக் கொடுத்து, பையைப் பிரித்து ஒன்றரை இன்ச் இறக்கித் தரச் சொன்னேன். போனை வாங்கித் தன் டேப்பை வைத்து அளந்துவிட்டு, "சார், பை அகலம் சரியா இருக்கு, ஆழம்தான் பத்தல" என்றார். நான் ஜூன் 16-இல் ஒரு பக்கம் எழுதினதை ஒரு வரியில் முடித்துவிட்டார். சட்டைக்கு நாற்பது ரூபாய். இப்போது போன் முழுசாக உள்ளே போய்விடுகிறது, குனிந்தாலும் விழுவதில்லை. கூடவே கிளிப் உடைந்த என் சிவப்புப் பேனாவும் அடிக்குப் போய்விடுகிறது. இரண்டு நாளாக அதை மேஜையில் தேடிக்கொண்டிருந்தேன்.